சிவப்பு வைனுக்கு எந்தப் பக்கம்?

பனிச்சங்குளம் தெற்கு மக்கள் ஒன்றியத்தின் கனடாக் கிளைக்கு ஒரு யாப்பு உண்டு. அந்த யாப்பில் மதுவுக்கு இடமில்லை. கார் நிறுத்துமிடம் யாப்பில் வராது. ஆகையால் எங்கள் வருடாந்த இராப்போசனத்தில் பெண்களும் பிள்ளைகளும் மண்டபத்துக்குள் இருந்து நடனம் பார்ப்பார்கள். நிர்வாகசபை வெளியே, திறந்த கார் டிக்கியைச் சுற்றி, காகிதக் கப்புகளுடன் நின்று ஊரின் எதிர்காலத்தைப் பற்றி ஆலோசிக்கும்.

தெற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரில் இருந்தது ஒரேயொரு குளம். அதற்குத் தெற்கே இருந்தவர்கள் நாங்கள். வடக்கே இருந்தவர்களுக்கு ரொறன்ரோவில் வேறு ஒன்றியம். இரண்டு ஒன்றியமும் ஒரே மண்டபத்தைத்தான் வாடகைக்கு எடுக்கின்றன, ஒரே சமையல்காரரைத்தான் பிடிக்கின்றன. குளம் வற்றி எவ்வளவோ காலம். பக்கங்கள் மட்டும் வற்றவில்லை.

எங்கள் தலைவர் இரத்தினவேல். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும், “நான் விலக ஆயத்தம், இளையவை முன்வர வேணும்” என்று தழுதழுத்த குரலில் சொல்வார். ஒருமுறை ஒரு இளையவர் முன்வந்தார். அவருடைய சந்தா பற்றிய விசாரணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

நான் போசகர், அதாவது ஒன்றியத்தின் கௌரவக் காப்பாளர். வேலையில் இருந்து ஓய்வுபெற்ற மறுகிழமையே என்னைப் போசகராக்கிவிட்டார்கள். முன்வரிசையில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பது போசகரின் கடமை. அப்படி இருந்ததால்தான் இந்த விசயமெல்லாம் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தலைவரின் தங்கை கமலாம்பிகையைக் கட்டியவர் ஏகாம்பரம். ஏகாம்பரம் குளத்துக்கு வடக்கு. தலைவர் அந்தக் கலியாணத்துக்குப் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தவர். அந்தப் பெரிய மனதை மாதம் ஒருமுறையாவது ஏகாம்பரத்துக்கு நினைவூட்டுவார். ரூஜ் ஆற்றுப் பக்கம் இருக்கிற தலைவர் வீட்டுக்கு நாங்கள் போனால் எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் வரும். ஏகாம்பரத்துக்கு மட்டும் நீலக் கைபிடி வைத்த ஒரு மக். அது குசினியில் மற்றவற்றோடு சேராமல் ஒரு மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டு மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை என்று ஏகாம்பரம் நினைத்திருந்தார். நாங்களும் அப்படியே நினைக்க விட்டிருந்தோம். அவர் தன் மைத்துனரை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. வீட்டிலும் “தலைவர்” தான்.

ஏகாம்பரத்தின் மகள் நிரூபாவுக்கும் அன்ட்ரூ என்ற பெடியனுக்கும் கலியாணம் நிச்சயமானது. அன்ட்ரூவின் தாய் மெலிசா நயாகராவில் திராட்சை வளர்த்து, பாக்கோ நுவார் என்ற சிவப்பு வைன் செய்பவர். அந்த மனுசி சீர் கேட்கவில்லை, சீதனம் கேட்கவில்லை. வரவேற்பு விருந்தில் தன் கொடியில் விளைந்த வைனை எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கமலாம்பிகைக்கும் ஒரே விருப்பம்தான். மணப்பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவருவது அவர்கள் வீட்டு வழக்கம். “அண்ணை கை பிடிக்காமல் என்ர பிள்ளை வாசல் தாண்டமாட்டாள்” என்று சொல்லிவிட்டார். இரண்டு விருப்பத்தையும் சுமந்துகொண்டு ஏகாம்பரம் தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். எனக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு மக்.

“பெடியன் எந்தப் பக்கம்?” என்றார் தலைவர்.

“நயாகராப் பக்கம். அன்ட்ரூ எண்டு பேர்.”

“வெள்ளையோ?”

“ஓம் தலைவர்.”

தலைவர் நிம்மதியாகச் சாய்ந்தார். “அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. வெள்ளைக்கு நாங்கள் ஊர் கேக்கிறேல்லை. உன்ர விசயத்தில கேட்டுத்தான் களைச்சுப்போனம்.”

ஏகாம்பரம் அந்தத் தைரியத்தில் வைனைப் பற்றிச் சொன்னார். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ன வைன்?”

“சிவப்பு.”

“உதை விசாரிக்க வேணும்.”

“வைன்தானே தலைவர்?”

“ஏகாம்பரம், எங்கட சனம் நானூறு பேர் வாயில வைக்கப்போற சாமான். ஆரின்ர பரம்பரை, எவடத்துக் காணி எண்டு தெரியாமல் வாயில வைக்கேலுமோ? லேபிளை ஆரும் அடிக்கலாம்.”

ஏகாம்பரம் கள்ளமில்லாத மனிதர். “டிக்கியில வைக்கிற விஸ்கியை நாங்கள் விசாரிக்கிறேல்லையே” என்று கேட்டார்.

“விஸ்கி வெளியில நிக்கிறது. உது உள்ள வரக் கேக்குது.”

அடுத்த ஞாயிறு, தலைவர் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ற்றில், மங்கல விளக்கேற்றலுடனும் அகவணக்கத்துடனும், வைன் விசாரணை உபகுழு ஏகமனதாக அமைக்கப்பட்டது. செயலாளர் ஜனார்த்தன் அதற்கும் செயலாளர். கலாசாரப் பொறுப்பாளர் அகிலாண்டேஸ்வரி அன்ரி அதற்கும் கலாசாரப் பொறுப்பாளர். இளையோர் பிரதிநிதியாகத் துஷாந்த். இளையோருக்கு வயது நாற்பத்தாறு.

உபகுழு ஏகாம்பரத்தையும் நிரூபாவையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வான் வண்டியில் நயாகராவுக்குப் போனது. வழியில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். தோட்டத்து வாசலில் பதாகை பிடித்துப் படம் எடுத்தோம். ஒரு படத்தில் தலைவர் ஓரமாக விழுந்துவிட்டதால் எல்லோரும் மறுபடி வானில் ஏறி, மறுபடி வந்து இறங்கினோம். மெலிசா கைகூப்பி வரவேற்றார். பக்கத்தில் நின்ற அன்ட்ரூ, “வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னான். தலைவர் கொடிகளுக்கு நடுவே நின்று, ஒன்றியத்தின் தோற்றம், வளர்ச்சி, அதில் தன் பங்கு என்று ஒரு மணித்தியாலம் உரையாற்றினார். நிரூபா மெலிசாவுக்கு மொழிபெயர்த்தாள்: “வந்தது சந்தோசமாம்.”

பிறகு விசாரணை தொடங்கியது. நிரூபா இரண்டு பக்கத்துக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

“உங்கட வைன் எந்தப் பக்கம்?”

“ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் நடுவில் கிடக்கிற ஏரிக்குத் தெற்குப் பக்கம்” என்றார் மெலிசா.

உபகுழு கைதட்டியது. அகிலாண்டேஸ்வரி அன்ரி, “பாத்தியளோ, நான் மணத்திலயே நினைச்சனான்” என்றார். போத்தில் இன்னும் திறக்கப்படவில்லை.

ஏகாம்பரம் ஏதோ யோசித்துவிட்டு, “ஏரிக்குத் தெற்கு இது எண்டால், ரொறன்ரோவில இருக்கிற நாங்கள் எல்லாரும் இப்ப வடக்குப் பக்கமோ?” என்று கேட்டார்.

ஜனார்த்தன் அதைக் கூட்டக்குறிப்பில் எழுதவில்லை.

“தாய் எவடம்?”

“தாய்க்கொடி பிரான்ஸ்.”

“பிரான்சில எவடம்? எங்கட ஆக்களின்ர கடைத்தெரு லாச்சப்பலுக்குக் கிட்டவோ? எங்கட பொருளாளரின்ர தங்கச்சி அங்கதான்.”

லாச்சப்பல் இல்லை, நாட்டுப்புறம், அந்தத் திராட்சையில்தான் அந்தக் காலத்தில் பிராந்தி வடித்தார்கள் என்று மெலிசா விளக்கினார். பிராந்தி என்றதும் சபையில் ஒரு மதிப்பு உண்டானது. “பழைய குடும்பம்” என்றார் தலைவர். ஜனார்த்தன் எழுதிக்கொண்டான்.

“தகப்பன்?”

மெலிசா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தது போல முகம் மலர்ந்தார். தகப்பன் வட அமெரிக்கக் காட்டுக்கொடி. ஆற்றங்கரையில் தானாக முளைத்து மரங்களில் ஏறிக் கிடப்பது. பிரான்சில் ஒருவர் இரண்டையும் சேர்த்து இந்தத் திராட்சையை உண்டாக்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது.

உபகுழு கொடிகளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தது.

“தானாய் முளைச்சதோ?” என்றார் தலைவர். “காணி உறுதி ஒண்டும் இல்லையோ?”

“ஆற்றங்கரைக்கு என்ன உறுதி?” என்றார் மெலிசா. “ஆனால் தகப்பனால்தான் இது குளிரைத் தாங்குகிறது. தாய் மட்டும் என்றால் இங்கே முதல் பனிக்காலத்திலேயே போயிருக்கும்.”

“தாய்வழி மட்டும் எடுக்கேலாதோ?” என்று அகிலாண்டேஸ்வரி அன்ரி மெதுவாகக் கேட்டார்.

மெலிசா மிச்சக் கதையையும் சொன்னார். பின்னாளில் பிரான்சில் கலப்புக் கொடிகள் வேண்டாம் என்று சட்டங்கள் வந்தன. ஒதுக்கப்பட்ட கொடி கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. இங்கே மண் பிடித்தது.

“அங்க இருக்க விடேல்லை, கனடா எடுத்திருக்கு” என்றார் ஏகாம்பரம். ஒரு கொடியைத் தடவிக்கொடுத்தார். “எங்களை மாதிரித்தான், என்ன.”

“நாங்கள் பிளேனில வந்தனாங்கள்” என்றார் தலைவர்.

இதற்குள் துஷாந்த் ஒரு போத்திலைத் திறந்து குடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றான். சுவைத்தல் அன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லாதபடியால் அவனை வானுக்குள் போய் இருக்கச் சொன்னார்கள். அவன் போத்திலையும் கொண்டுபோனான்.

திரும்பி வந்த பிறகு சாப்பாட்டுப் பிரச்சினை எழுந்தது. வைனில் கறுத்தப் பழங்களின் மணமும் மெல்லிய புகை மணமும் இருக்கும், நல்ல புளிப்பு இருக்கிறது, ஆட்டிறைச்சிக் கறிக்குத் தோதாக இருக்கும் என்று மெலிசா சொல்லி அனுப்பியிருந்தார்.

“தோது எண்டு அவ சொன்னால் காணுமோ?” என்றார் தலைவர். “சாதகம் பாக்க வேண்டாமோ?”

அகிலாண்டேஸ்வரி அன்ரியின் மடிக்கணினியில் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. அதற்குப் பிறந்த நேரம் வேண்டும். திராட்சை பறித்த நேரமா, நசித்த நேரமா என்று இரண்டு கூட்டம் விவாதித்து, போத்திலுக்கு மூடி போட்ட நேரமே வைனின் ஜனன நேரம் என்று முடிவானது. கறிக்கு எந்த நேரம் என்று கேட்கச் சமையல்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

“அன்ரி, ஆட்டின்ர நேரமோ, அடுப்பின்ர நேரமோ?” என்றார் அவர்.

“ஆட்டின்ர நேரத்தை விடு தம்பி, அது நல்லதாய் இருந்திராது.”

முடிவு நான்கு பக்கத்தில் வந்தது. ஆட்டிறைச்சிக் கறியுடன் வைனுக்குப் பத்தில் எட்டுப் பொருத்தம்; உத்தமம். கணவாய்க் கறியுடன் மத்திமம், ஆனால் ஆரம்பத்தில் சண்டை வரும். கத்தரிக்காய்ப் பால்கறியுடன் நட்பு மட்டும். சொதியுடன் சேர்த்தால் சொதிக்கு ஆயுள் பலம் குறைவு. எல்லாம் சரி, வைனுக்குச் செவ்வாய் குற்றம்.

“சிவப்பு எண்டால் செவ்வாய் இல்லாமல் இருக்குமோ” என்று அன்ரி பரிவோடு சொன்னார்.

பரிகாரமாக வைனுக்கு முதலில் வாழைமரத்தைக் கட்டிவைப்பது என்று தீர்மானமானது. பொருளாளர் தன் பேஸ்மென்ற்றில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வாழை வளர்க்கிறார். ஒரு நல்ல நாளில், அதன் கழுத்துக்கு ஒப்பான இடத்தில் மஞ்சள் கயிறு கட்டி, மறுநுனியைப் போத்திலின் கழுத்தில் கட்டினோம். ஏகாம்பரத்தையும் கமலாம்பிகையையும் பெண் வீட்டாராக நிற்கவைத்தார்கள். நிரூபா தலையைக் கையில் தாங்கியபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வாழை அந்தக் கிழமையே ஒரு குருத்து விட்டது. பொருளாளர் எல்லோருக்கும் படம் அனுப்பினார்.

இனித் தடையில்லை என்று ஏகாம்பரம் நம்பினார். இறுதித் தீர்மானத்துக்கு மார்க்கம் நகரில் விசேட பொதுக்கூட்டம் கூடியது. தலைவர் எழுந்தார்.

“அன்பான ஊர் உறவுகளே. எங்கட ஒன்றியத்தில ஏற்றத்தாழ்வு எண்ட சொல்லுக்கே இடமில்லை. அதாலதான் நாங்கள் ஆரையும் சேர்க்க முதல் வடிவாய் விசாரிக்கிறம். வடக்கு ஒன்றியக்காரர் எங்களைப் பாத்துப் பக்கம் பாக்கிறவை எண்டு சொல்லுகினம். வடக்குப் பக்கத்தார் உப்பிடித்தான் கதைப்பினம். இந்த வைனில எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு இல்லை. என்ர நல்ல நண்பர்கள் கனபேர் வைன் குடிக்கிறவை. தகப்பன்வழி தெளிவில்லாட்டியும், அதையும் மனுசராய், மன்னிக்க வேணும், வைனாய் மதிச்சு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறம்.”

ஜனார்த்தன் ஏற்பாட்டை வாசித்தான். வைன் மண்டபத்துக்குள் வரலாம். ஆனால் கண்ணாடிக் கிளாசில் வரக்கூடாது. காகிதக் கப்பில், பின்கதவுக்குப் பக்கத்தில், தனி மேசையில் இருக்கலாம். குடிக்கிறவர் தன் கப்பைத் தானே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

சபையில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இந்த ஏற்பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

ஏகாம்பரம் எழுந்தார். வழக்கமாக அவர் எழுந்தால் கதிரை அடுக்கத்தான் எழுவார். இம்முறை சும்மா நின்றார்.

“தலைவர், உங்கட வீட்டில எனக்குத் தாற நீலப் பிடி மக். அது மரியாதைக்குத் தாறதோ?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நிகழ்ச்சிநிரலில இல்லை.”

“அப்ப வைன் கண்ணாடிக் கிளாசிலதான் வரும்” என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் உட்கார்ந்தார்.

“அப்ப நான் மண்டபத்துக்குள்ள வரமாட்டன். தீர்மானத்தை மீறின இடத்தில தலைவர் கால் வைக்கேலாது.”

ஏகாம்பரத்தின் காரில் திரும்பும்போது கமலாம்பிகை முன் இருக்கையில் இருந்தார். பின் இருக்கையில் நான். ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, வெளியே பார்த்தபடி, “கிளாஸ் எத்தினை வேணும் எண்டு ஹோல்காரருக்குச் சொல்லிப்போட்டியளோ?” என்று கேட்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

வரவேற்பு விருந்து ஒக்டோபரில். நிர்வாகசபை வந்திருந்தது. பகிஷ்கரிப்பு வேறு, ஆட்டிறைச்சிக் கறி வேறு. ஆனால் உள்ளே மேசைக்கு மேசை கண்ணாடிக் கிளாசில் வைன் நின்றபடியால், தங்கள் சொந்தத் தீர்மானத்தின்படி அவர்கள் உள்ளே போகமுடியவில்லை. வாசலுக்கு நேரே காரை விட்டு, டிக்கியைத் திறந்து, குளிரில் நின்றார்கள். போசகருக்குத் தீர்மானம் பொருந்துமா என்று யாப்பில் தெளிவில்லை. நான் உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தேன்.

கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கறியின் வாசம் கார் வரைக்கும் வந்து, நிர்வாகசபையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

வாசலில் நிரூபா நின்றாள். அன்ட்ரூ தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டிருந்தான். உள்ளே மேளக்காரர் மூன்றாம் தடவையாக ஆரம்பித்து நிறுத்தினார்கள். கமலாம்பிகை கதவடியில் நின்று தமையனைப் பார்த்தார். தமையன் டிக்கிக்குள் எதையோ தேடினார்.

ஏகாம்பரம் காரடிக்கு நடந்து போனார்.

“மச்சான்” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைவர் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை குளிருக்க நிக்கிறாள் மச்சான். வா.”

“என்ன ஏகாம்பரம் செய்யிறது. தீர்மானமெல்லோ.”

நிரூபா அங்கிருந்தே சத்தம் போட்டாள். “மாமா, சீரியஸ்லி, கால் விறைச்சுப்போச்சு.”

தலைவர் காகிதக் கப்பை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார். அகிலாண்டேஸ்வரி அன்ரி தொண்டையைச் செருமினார். அவருக்கு வாழையைக் கட்டிவைத்த அனுபவம் இருந்தது.

“தலைவர்தானே உள்ள போகேலாது” என்றார். “மாமன் போகலாம்.”

நிர்வாகசபையில் தேவையான ஆட்கள் அங்கேயே நின்றபடியால் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் வெளியே நிற்பதாகவும், மாமன் உள்ளே போவதாகவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

“தலைவர் வெளியில நிக்கிறார் எண்டதுக்கு அடையாளம் வேணும்” என்றான் ஜனார்த்தன்.

இரத்தினவேல் கையில் இருந்த காகிதக் கப்பைக் காரின் கூரையில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துபோய் மருமகளின் கையைப் பிடித்தார். மேளம் நாலாம் தடவை ஆரம்பித்து, இம்முறை நிற்கவில்லை. கமலாம்பிகை அழுதார். ஏகாம்பரம் அவருக்குப் பின்னால் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே மாமனுக்கு ஒரு கிளாசில் வைன் வந்தது. கறியோடு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். எட்டுப் பொருத்தமும் ஒவ்வொன்றாக முகத்தில் தெரிந்தது. பிறகு நிரூபாவைக் கூப்பிட்டு, மெலிசாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்.

“தகப்பன்ர ஆக்கள் இப்பவும் எங்கையும் இருக்கினமோ?”

“நிறைய” என்றார் மெலிசா. “உங்கள் ரூஜ் ஆற்றங்கரையிலும் நிற்கும். கோடையில் வேலிகளில் ஏறும். நெஞ்சு வடிவ இலை, விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக.”

இரத்தினவேல் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு கோடையிலும் பின்வேலியில் ஏறுகிற சனியன் என்று அவர் வெட்டி எறிகிற கொடிக்கு அதே இலைதான். நான் கண்டிருக்கிறேன்.

வெளியே கூட்டம் தொடர்ந்தது. காகிதக் கப் தலைமை தாங்கியது. அது உரையாற்றாதபடியால் ஒன்றியத்தின் வரலாற்றில் முதல் தடவையாக எல்லா விடயங்களும் பேசி முடிக்கப்பட்டன. கூட்டம் நேரத்துக்கு முடிந்தது. கப்பையே தொடர்ந்து தலைவராக வைத்திருந்தால் என்ன என்று துஷாந்த் கேட்டதாகவும், அவனுடைய சந்தாவைப் பற்றி இப்போது விசாரணைக்குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும் அறிகிறேன்.

அடுத்த ஞாயிறு வழமைபோலத் தலைவர் வீட்டில் கூட்டம். தேநீர் வந்தது. எல்லோருக்கும் காகிதக் கப்பில் வந்தது.

“இனி எங்களுக்குள்ள வித்தியாசம் இல்லை” என்று தலைவர் விளக்கினார். “எல்லாருக்கும் ஒரே கப்.”

பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டின் பின்னால், வரிசையாக இருந்தன. நீல மக் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் நன்றி சொல்லிக் கப்பை வாங்கினார். பிறகு கோட்டுப் பைக்குள் கைவிட்டு, விருந்து மண்டபத்து வைன் கிளாஸ் ஒன்றை எடுத்தார். கைலேஞ்சியால் அதைத் துடைத்தார். தேநீரை அதற்குள் மெதுவாக ஊற்றி, தண்டில் பிடித்து, ஒருமுறை சுழற்றி, மணந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

நாங்கள் தலைவரைப் பார்த்தோம். தலைவர் ஜனார்த்தனைப் பார்த்தார். ஜனார்த்தன் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தான்.

அது அதில் இல்லை.